கரையில் பல் தடம்

அத்தியாயம் 14

நெட்டுக்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போன எழில்மொழி ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ்ஸில் மணலி புதுநகர் திரும்பியது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். அவள் வந்ததைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி அவள் புருஷன் தீனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும் தெரியும்.

ஒரு மாதமாக அந்த வீட்டில் இதே கதைதான். தீனா வேலை பார்ப்பது தெருவுக்குப் பின்னால் இருக்கும் கன்டெய்னர் கழுவும் யார்டில். அந்த யார்டின் கழிவுக் குழாயை நோட்டீஸ் ஒட்டி அடைத்தவள் அவன் பெண்டாட்டி, அரசாங்க உதவிப் பொறியாளர். சூப்பர்வைசர் வேலை கைக்கு வரும் நேரத்தில் முதலாளி முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று அவனுக்குக் கோபம். என் வேலையைத்தானே செய்தேன் என்று இவளுக்கு வீறாப்பு.

அந்த வீறாப்பு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு முடிந்தது.

பல் துலக்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் வாய் கொப்பளிக்கப் போனவள், வாயில் இருந்த தண்ணீரைத் துப்ப மறந்து நின்றாள்.

கால்வாயின் கரையைக் காணோம்.

சவுக்குத்தோப்புக் கால்வாய் என்று பெயர். தோப்பை எந்தக் காலத்திலோ வெட்டிவிட்டார்கள். பெயரும் சாக்கடையும்தான் மிச்சம். மாதவரம் பக்கத்து லாரி ஷெட்டுகளில் தொடங்கி வழியில் உள்ள எல்லோருடைய அழுக்கையும் வாங்கிக்கொண்டு, இந்தத் தெருவின் முதுகுப்பக்கமாக ஓடி, எண்ணூர் கழிமுகத்தில் கொண்டுபோய்க் கொட்டும். முன்பெல்லாம் கரை இரண்டு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கும். தண்ணீர் தறிகெட்டு ஓடும். வந்த அழுக்கு வந்தபடியே முகத்துவாரத்துக்குப் போகும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழில்மொழியின் துறை அதன் உருவத்தையே மாற்றியது. நடுவில் குறுகலாக ஒரு வாய்க்கால். இரு பக்கமும் அகலமான படி. படி முழுக்கக் கோரையும் சம்புப் புல்லும். மழை பெய்தால் தண்ணீர் படி மேல் ஏறிப் பரவும், வேகம் குறையும், சேறும் எண்ணெயும் கோரையின் காலடியில் தங்கிவிடும். கொஞ்சம் தெளிந்தது மட்டும் கீழே போகும்.

தெருக்காரர்கள் இதற்கு 'மேடம் கால்வா' என்று பெயர் வைத்தார்கள். சாக்கடைக்குப் புல்லு வளக்குறாங்கோ என்று சிரித்தார்கள். சிரிப்பவர்களும் படிக்கட்டும் என்று பச்சைப் பலகையில் விதியை எழுதி நட்டாயிற்று. துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கரையை யாரும் வெட்டவோ, ஆழப்படுத்தவோ, நேராக்கவோ கூடாது. மீறினால் இயந்திரம் பறிமுதல், ஆள் மேல் வழக்கு.

அந்த விதிக்கு வரைவு எழுதிக் கொடுத்தவளே எழில்மொழிதான்.

இப்போது அவள் வீட்டுக் கொல்லையிலிருந்து அறுபதடி நீளத்துக்குப் படியும் இல்லை, கோரையும் இல்லை. கரை பழையபடி சுவராக நின்றது. சரிந்த மண் தண்ணீரில் கரைந்து கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குச் செயற்பொறியாளர் மகிமா மேடம் ஆய்வுக்கு வருகிறார்.

அவள் உள்ளே ஓடினாள். தீனா விடியும் முன்பே கிளம்பிவிட்டான். போன் அணைந்திருந்தது. சமையலறை வாசலில் மாமனார் ஜெயவேல் உட்கார்ந்திருந்தார். மாமியார் கெங்கம்மா அவருடைய வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கால்வாய்ல யாரு கைய வெச்சது?"

கெங்கம்மா தைல பாட்டிலை மூடினாள். ஜெயவேல் நிமிரவில்லை.

"நான்தாம்மா."

"நீங்களா?"

"ஆமா எயிலு. இன்னிக்கி உங்க ஆபீசருங்க வராங்கோ இல்ல? புல்லும் பூண்டுமா மண்டி ஒரே கலீஜா கீது. ஆடி மாசம் வந்தா நான் வாரி வுடறதுதான? நீ நல்ல பேரு வாங்கணும்னு, நேத்து உச்சி வெயில்ல வண்டிய வுட்டு வாரிட்டேன். லீவரப் புடிச்சிப் புடிச்சிக் கை போச்சு, பாரு."

எழில்மொழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் திட்டு வரவில்லை. வராததுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஜெயவேல் முப்பது வருஷமாக ஜேசிபி ஓட்டுகிறவர். சொந்த வண்டி. வருஷா வருஷம் ஆடியில், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் முன்னால், ஒரு காசு வாங்காமல் தெருவுக்காகக் கால்வாயைத் தூர் வாருவார். பெண்கள் வண்டியின் மண் அள்ளும் பக்கெட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். வாரி முடித்ததும் பக்கெட்டைத் திருப்பி, அதன் முதுகால் கரையை இழுத்து மழுக்குவார். பக்கெட்டின் பல் பட்ட தடம் ஒன்றுகூடத் தெரியாது. கடைசியாக மூன்று தட்டு. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. தட், தட், தட். அந்தச் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று தெருவே தெரிந்துகொள்ளும்.

விதி வந்த பிறகு இரண்டு ஆடி அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மருமகளுக்காக இருந்தார்.

"பலகையப் படிச்சீங்கல்ல மாமா?"

"படிச்சேன். மனசு கேக்கல."

"அது கலீஜு இல்ல மாமா. அந்தப் புல்லுதான் அழுக்கப் புடிச்சி வெக்குது. அறுபதடியும் போச்சே!"

"மறுபடி மொளைக்காதா?"

"நிக்கறதுக்குப் படியே இல்ல. எங்க மொளைக்கும்?"

கெங்கம்மாதான் நடுவில் புகுந்தாள். "செஞ்சது செஞ்சாச்சு. காலங்காத்தால அவரப் போட்டு நோண்டாத. ஆவறத பாரு."

வாசலில் வண்டிச் சத்தம். எழில்மொழியின் தம்பி பாரி. நெட்டுக்குப்பத்தில் கழிமுகத்துக் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கிறவன். இடுப்புத்துணி ஈரம் காயாமல் வந்திருந்தான். ஒரு தண்ணீர் பாட்டிலை அக்கா முன்னால் வைத்தான். டீக்கடைக் கழுவல் மாதிரி இருந்தது.

"இது இன்னா தெரியுதா? காலைல முகத்துவாரத்துல மொண்டது. ரெண்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சிகினு வந்துச்சி. போன மாசம் குஞ்சு இறால் கண்டேன்னு உனுக்குப் போன் பண்ணனா இல்லியா? இன்னிக்கி உள்ள எறங்கனா ஒடம்பெல்லாம் அரிப்பு. மேல எங்கியோ கரைய நோண்டிகிறாங்கோன்னு கரையோரமா வண்டிய வுட்டுகினு வந்தேன். வந்து பாத்தா உன் வூட்டுக் கொல்லை!"

ஜெயவேல் பாட்டிலைப் பார்த்தார்.

"நான்தாண்டா பாரி," என்றார் ஜெயவேல்.

பாரிக்கு அவரிடம் மரியாதை உண்டு. கோபத்தை விழுங்கினான். ஆனால் அக்காவைப் பார்த்த பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை.

"குப்பத்துல நான் இன்னா சொல்லட்டும்க்கா? அந்த யார்டுக்காரன் குழாய அடைச்சப்போ, எங்க அக்கா யாருக்கும் பயப்பட மாட்டான்னு பீத்திகினேன். இப்ப தன் வூட்டு ஆளுன்னா வுட்டுடுவாளான்னு கேட்டா இன்னா சொல்றது?"

எழில்மொழி மகிமா மேடத்துக்குப் போன் போட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். கடைசியில், "மேடம், இந்த அறிக்கைய வேற யாரையாவது போடச் சொல்லுங்க," என்று கெஞ்சினாள்.

"போடச் சொல்லலாம் எழில். மாமனாரைக் காப்பாத்த நழுவிட்டீங்கன்னு பேசுவாங்க. குழாய் அடைபட்டவன் சும்மா இருப்பானா? அப்புறம் இந்த விதியை ஒருத்தனும் மதிக்க மாட்டான். முதல் அறிக்கை பன்னிரண்டு மணிக்குள்ள வந்தாகணும். அளவும் படமும் நான் வர்றதுக்குள்ள. கரைக்காவல் உறுப்பினர் கையெழுத்து மறக்காதீங்க."

கையெழுத்து! அதை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

தெருவுக்கு ஓர் ஆள் கரைக்காவல் உறுப்பினர். மீறல் நடந்தால் அவருடைய கையெழுத்து இல்லாமல் அறிக்கை செல்லாது. அதிகாரி தன்னிஷ்டத்துக்கு யார் மேலும் பழி போடக் கூடாது என்று எழில்மொழியே யோசித்துச் சேர்த்த பிரிவு. இந்தத் தெருவுக்கு யாரைப் போடுவது என்று வந்தபோது, வீட்டில் ஒத்தாசை இருக்கட்டும் என்று மாமியார் பெயரையே போட்டாள். கெங்கம்மா, மூன்றாம் வகுப்பு, கரைக்காவல் உறுப்பினர். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய் வந்த நாளில் வீடே சிரித்தது.

பத்து மணிக்கு எழில்மொழி படிவத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மீறியவர் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துச் சந்தில், மஞ்சள் வண்டி நின்றது.

கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளம். தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். மறுநாள் அவளுக்கு அரசு வேலைக்கான தேர்வு. பஸ் இல்லை, படகு இல்லை. எல்லாம் போயிற்று என்று அழுதுகொண்டிருந்தவளை, "ஏறு எயிலு," என்று அந்த பக்கெட்டில் உட்கார வைத்து, மேலே தூக்கி, மெயின் ரோடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனவர் இந்த மனுஷன். மடியில் ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி அவள் போனாள். அந்த வேலைதான் இது. அந்த வண்டியைத்தான் இப்போது பறிமுதல் செய்யச் சொல்லி எழுத வேண்டும்.

எழுதாமல் விட்டால்? பாரியின் பாட்டில் மேஜை மேலேயே இருந்தது.

எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் மனிதர்கள்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரைத் தள்ளாமல் நகர முடியாது.

பதினொன்றரைக்கு அவள் 'ஜெயவேல்' என்று எழுதினாள். நாலு எழுத்துதான். எழுதிவிட்டு, முகத்தைப் புடவைத் தலைப்பில் பொத்திக்கொண்டு அழுதாள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு மாமியாரைத் தேடினாள். திட்டுவாள், சாபம் விடுவாள், நெட்டுக்குப்பத்துப் புத்தியக் காட்டிட்ட பாரு என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனாள்.

"அத்தை, இது மாமா மேல..."

"தெரியும். எங்க போடணும்?"

கெங்கம்மா வாங்கினாள். சுவரில் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த புருஷன் மேல் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாளா ஒருத்தி? எழில்மொழிக்கு அது உறுத்தியது. ஆனால் மணி பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது. அறிக்கையை அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. நாலு மணிக்கு ஆய்வு. கூடவே வண்டியை எடுத்துப் போக ஆட்கள்.

மூன்று மணிக்கு அவள் அளவு நாடாவை எடுத்தாள். ஜெயவேல் எழுந்துவிட்டார்.

"வெயிலு பொளக்குது. நீ எதுக்குக் கீய எறங்கறே? அறுபத்திரெண்டு அடி. என் கைக்குத் தெரியாதா? எழுதிக்கோ."

"படமும் எடுக்கணும் மாமா. பாரி கூட வரான்."

"சேறு வழுக்கும்மா."

"நான் நெட்டுக்குப்பத்துப் பொண்ணு," என்றாள். காலையிலிருந்து அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பாரி நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். இவள் மறுமுனையைக் கரையில் அழுத்தினாள். விரலில் ஏதோ குத்துகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தாள்.

பல் தடம்.

ஈர மண்ணில் ஐந்து கோடு. தள்ளி இன்னொரு ஐந்து கோடு. கரை நெடுக, மேலிருந்து கீழ் வரை, ஒழுங்கில்லாமல் பிறாண்டி வைத்திருந்தது. மழுக்கவில்லை. தட்டவில்லை. முப்பது வருஷத்தில் ஜெயவேல் இப்படி ஒரு கரையை விட்டுவிட்டு வந்ததாகத் தெருவில் ஒருவரும் சொல்ல முடியாது. காய்ச்சலில் வாரினாலும் மழுக்கிவிட்டுத்தான் இறங்குவார்.

தைலத்தின் நெடி நினைவுக்கு வந்தது. வலது கை மட்டும். லீவர் பிடித்தால் இரண்டு கையும் அல்லவா வலிக்கும்?

"பாரி, நேத்து நம்ம அம்மன் கோயில்ல கூழு ஊத்தினாங்க இல்ல? நீ வந்தியா?"

"வந்தனே. ரெண்டு சொம்பு வாங்கிக் குடிச்சேன். உன் மாமாதான் அண்டாவாண்ட நின்னுகினு மொண்டு ஊத்தினாரு. பன்னெண்டுலேர்ந்து மூணு மணி வரிக்கும் அந்த எடத்த வுட்டு நகரலியே." சொல்லி முடித்ததும்தான் பாரிக்கே உறைத்தது. "அப்ப உச்சி வெயில்ல வண்டி ஓட்டினது யாருக்கா?"

அவள் கரையோரமாக நடந்தாள். வெட்டின இடத்தின் கடைசியில் மண் கொஞ்சம் மேடாகக் குவிந்திருந்தது. காலால் தள்ளினாள். நீலக் குழாய் ஒன்றின் வாய் தெரிந்தது. ஆறு அங்குலக் குழாய், புத்தம் புதுசு. கரைக்குள் புகுந்து நேராக யார்டின் மதில் சுவரைப் பார்த்துப் போயிருந்தது. நோட்டீஸ் ஒட்டி அடைத்ததற்குப் பதில் இன்னொன்று. கோரையும் படியும் இருந்தால் இதைக் கொண்டுவந்து சேர்த்திருக்க முடியாது.

குழாயின் வாயில் துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள். ஆய்வு முடிகிற வரைக்கும் ஒழுகக் கூடாது என்று.

பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. போன பொங்கலுக்கு வண்ணாரப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி அவள்தான் தீனாவுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வீட்டில் ஜேசிபி ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பாரி, நீ மேல போ. ஜீப்பு வருதான்னு பாரு."

"அக்கா, இது இன்னா குழாய்?"

"போடா!"

அவன் போனான். அவன் ஏறிய வழியிலேயே ஜெயவேல் வந்து நின்றார். மருமகளைப் பார்த்தார், அவள் காலடியைப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார். அதைப் பார்த்தபோதுதான் அவர் முகம் கோணியது.

"தட்டாம வுட்டுட்டான்," என்றார். "எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்திருப்பேன், முடிச்சா மழுக்கித் தட்டிட்டு எறங்கணும்னு. கேக்கவே மாட்டான்."

"மாமா!"

"கோயில்லேர்ந்து வந்து பாத்தா வண்டி சூடா கீது. கேட்டேன். கால்ல வுயிந்து அயுதான். மொதலாளி சொன்னாரு நைனா, செஞ்சா சூப்பர்வைசர், இல்லாங்காட்டி வெளிய போன்னு சொல்லிட்டாருன்னான். நான் இன்னா பண்ணட்டும்?"

"அத்தைக்கு?"

"தெரியாமயா கையெயுத்துப் போட்டா?"

எழில்மொழிக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து அல்ல அது. மகனுக்காகப் புருஷனைக் கொடுத்த கையெழுத்து.

"எயுதினது எயுதினதாவே இருக்கட்டும் எயிலு. கரைய வாரின கேஸு, வயசான ஆளுன்னு எச்சரிச்சி வுடுவாங்கோ. வண்டி போனாப் போவுது. குழாய் கேஸுல அவன் மாட்டினா உள்ள போயிடுவான். உன் புருசன்மா அவன்."

"அந்தக் குழாய்ல வர்றது என் தம்பி மேலதான் மாமா போய் ஊத்தும். கழுத்தளவு தண்ணில நிக்கறான் அவன்."

ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் சந்திலிருந்து வண்டி உறுமியது. கொல்லைக்குள் வந்து கரை மேல் நின்றது. கை நீண்டு இறங்கியது. பக்கெட் திரும்பி, முதுகைக் கரையில் வைத்து இழுத்தது. ஐந்து ஐந்தாக இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மகன் கிறுக்கி வைத்ததை அப்பன் அழித்துக்கொண்டு வந்தார். மழுங்கிவிட்டால் அது ஜெயவேலின் கரை. யார் பார்த்தாலும் ஜெயவேலின் கரை. குழாய் மண்ணுக்குள் போய்விடும்.

எழில்மொழியின் கையில் போன் இருந்தது. இன்னும் ஒரு படமும் எடுக்கவில்லை. இப்போது எடுத்தால் தீனா. எடுக்காவிட்டால் பாரி. விரல் நகரவில்லை. எடுத்து யாருக்கு அனுப்பினாலும் ராத்திரி இந்த வீட்டுக்குள்தான் வந்து படுக்க வேண்டும்.

"அக்கா!" மேலிருந்து பாரி கத்தினான். "ஜீப்பு வந்துகினு கீது! மூலை திரும்பிட்டாங்கோ!"

பக்கெட் கடைசி இடத்துக்கு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஜெயவேலின் முகம் நனைந்திருந்தது. வியர்வையா கண்ணீரா என்று கீழிருந்து தெரியவில்லை.

கரையின் மேலே ஒரு தட்டு. தட்.

நடுவில் ஒரு தட்டு. தட்.

பக்கெட் அடுத்ததற்கு உயர்ந்தது. மேடத்திடம் என்ன சொல்லப் போகிறோம் என்று எழில்மொழிக்கு அப்போதும் தெரியாது. ஆனால் கால் தெரிந்துவைத்திருந்தது. இரண்டே எட்டு. மூன்றாவது தட்டு விழ வேண்டிய இடத்தில், அந்தப் பச்சை லுங்கிக்கு முன்னால் போய் நின்று, ஒரு காலத்தில் தன்னைச் சுமந்துகொண்டு போன பக்கெட்டை அண்ணாந்து பார்த்தாள்.